மூன்றாம் நம்பர் வீடு யாருடையது?

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லை என்று சில வாசகர்கள் கார்டு போட்டிருக்கிறார்கள். 'உடம்பு சரியில்லையா?' என்று ஒருவர். 'சரக்கு தீர்ந்துவிட்டதா?' என்று இன்னொருவர்.

இரண்டும் இல்லை. வீடு வாங்கிக்கொண்டிருந்தேன்.

முதல் முறையாக வீடு வாங்குகிறவனுக்குத் திருப்பூரில் வாத்தியார்களுக்குப் பஞ்சமே கிடையாது. நான் வேலை பார்க்கும் எக்ஸ்போர்ட் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் முதல் வாட்ச்மேன் வரை பாடம் எடுத்தார்கள். மூலப் பத்திரம் பார்த்தாயா? வில்லங்கம் போட்டுப் பார்த்தாயா? பிளான் அப்ரூவல் ஆனதா? போர் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்த்தாயா? — சாயப்பட்டறை ஊரில் இது நியாயமான கேள்விதான். 'எத்தனை மூட்டை சிமென்ட் போட்டார்கள் என்று எண்ணினாயா?' என்று ஒருவர் கேட்டார். கட்டி முடித்த வீட்டில் மூட்டையை எங்கே போய் எண்ணுவது?

எண்ணுவதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்தேன்.

வீடு வேலம்பாளையம் பக்கம். மெயின் ரோட்டிலிருந்து ஒரு சந்து பிரிந்து நேராக ஓடைவரை போகிறது. சந்தின் ஒரு பக்கம் வரிசையாக எட்டு வீடுகள். எட்டும் ஒரே அச்சு. அதே ஜன்னல், அதே கேட், அதே இளம்பச்சை. கட்டி விற்பவர் பழனிச்சாமி. முன்பு நூல் ஏஜென்டாக இருந்தவர். ஒவ்வொரு சுவரிலும் கறுப்பு பெயின்டில் நம்பர் எழுதியிருந்தார். ரோட்டோரம் ஒன்று, ஓடையோரம் எட்டு. எங்களுக்கு மூன்று பிடித்தது. அட்வான்ஸ் கொடுத்தேன். மூன்றாம் நம்பருக்கு வில்லங்க சர்டிபிகேட் எடுத்தேன். சுத்தம். இருந்த வாடகை வீட்டையும் காலி செய்வதாகச் சொல்லிவிட்டேன்.

பத்திரத்தின் டிராப்ட் வந்தது. எங்கள் இருவர் பெயரிலும் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வைத்தேன். என் மனைவி சாந்தாமணி முழுசாகப் படித்தாள். அவள் வெள்ளகோவில் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். அவளுக்கு இடது, வலது எல்லாம் கிடையாது. 'அந்த வடக்கால இருக்கற டம்ளரை எடுங்க' என்பாள். நானோ பஸ் ஸ்டாண்டை வைத்தே திசை கண்டுபிடிக்கிறவன்.

"ஏனுங்க... நம்ம ஊட்டுக்கு வடக்கால எத்தனாம் நம்பருங்க?"

"மெயின் ரோட்டுப் பக்கமா? ரெண்டு."

"இதுல தெக்கால ரெண்டு, வடக்கால நாலுன்னு போட்டிருக்குதுங்களே?"

"டைப் அடிச்சவன் மாத்தி அடிச்சிருப்பான்."

"ஒருக்கா கேட்டுப் போடுங்க. நாளைக்கு யார் கேக்கறது?"

கேட்டேன். பத்திரம் எழுதுகிறவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "பிளான்ல என்ன இருக்குதோ அதானுங்க எழுதியிருக்குது." பிளானைப் பிரித்து விரித்தார். எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. வாங்கிக்கொண்டு வந்து சாந்தாமணியைச் சந்துக்கு அழைத்துப் போனேன். அவள் பிளானை ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்தாள். ஓடையைப் பார்த்தாள். ரோட்டைப் பார்த்தாள்.

விஷயம் இதுதான். அப்ரூவல் ஆன பிளானில் நம்பர் ஓடையிலிருந்து ஆரம்பிக்கிறது. பழனிச்சாமி சுவரில் எழுதியது ரோட்டிலிருந்து. அப்படியானால் பிளானில் மூன்று என்பது, சுவரில் ஆறு. நாங்கள் பார்த்தது ஒரு வீடு. எழுதி வாங்கப்போவது மூன்று வீடு தள்ளி இன்னொரு வீடு. நான் எடுத்த வில்லங்கமும் அந்த இன்னொரு வீட்டுக்குத்தான்!

அதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று. அந்த ஆறாம் நம்பரில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கிறது. போன தை மாதம் வாங்கிக் குடிவந்தவர்கள்.

பழனிச்சாமியிடம் ஓடினேன். அவர் பதறவில்லை. டீ வரவழைத்தார்.

"அட, இதுக்குப் போயி... ஊட்டுல இருக்கப்போறது நீங்க. பத்திரம் பீரோவுல இருக்கப்போகுது. ரெண்டும் பேசிக்கவா போகுது? வேணும்னா சொல்லுங்க, செவுத்து நம்பரை அழிச்சு மாத்தி எழுதிப்போடறனுங்க."

சுவரில் மாற்றி எழுதினால் அந்தக் குடும்பத்தின் பத்திரம் என்ன ஆகும்? கேட்டேன். "அவங்க ஒண்ணும் கேக்கலீங்களே" என்றார்.

வேண்டுமென்றே செய்தாரா, அவருக்கும் புரியவில்லையா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. டீ மட்டும் நன்றாக இருந்தது.

வெளியே வந்ததும் மனசு ஒரு கணக்குப் போட்டது. ஒளிக்காமல் சொல்கிறேன். நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அட்வான்சைக் கேட்டு வாங்கிக்கொண்டு வேறு வீடு பார்க்கலாம். யாருக்கோ யாரோ எழுதிய பத்திரத்துக்கு நான் ஏன் அலைய வேண்டும்? சாந்தாமணியிடமும் சொன்னேன்.

"நாம போனா வேற ஆராச்சும் வருவாங்க. அவங்க படிக்காம கையெழுத்துப் போடுவாங்க. ஆறாம் நம்பர்ல இருக்கறவங்க நெலமை என்னங்க ஆகும்?"

சாயங்காலம் இருவரும் ஆறாம் நம்பர் கதவைத் தட்டினோம். அந்த வீட்டுக்காரர் ஆரோக்கியசாமி. சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்து பன்னிரண்டு வருஷமாகப் பனியன் கம்பெனியில் டெய்லர். மனைவி ஜெசிந்தாவும் அதே கம்பெனி. ஊரில் இருந்த பங்கு நிலத்தை விற்று இந்த வீட்டை வாங்கியிருக்கிறார்கள். லீவு நாளில் அவரே கல் சுமந்து மாடிக்குப் படி கட்டிக்கொண்டிருந்தார். கையெல்லாம் சிமென்ட்.

"வாங்க சார், உக்காருங்க. மூணாம் நம்பருக்கு வரப்போறது நீங்கதானா?"

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பிளானைத் தரையில் விரித்தேன். அவர் தகரப்பெட்டியிலிருந்து தன் பத்திரத்தை எடுத்து வந்தார். அதில் ஆறாம் மனை என்று இருந்தது. பிளானில் ஆறு என்பது, நான் வாங்கப்போகிற வீடு.

அவர் மூன்று முறை படித்தார்.

"என்ன சார் சொல்றீக? அப்ப இந்த வீடு யாருது?"

"இப்போதைக்குப் பழனிச்சாமியுடையது. நான் கையெழுத்துப் போட்டால் என்னுடையது."

"அப்ப நீங்க பாத்த வீடு?"

"அது உங்களுடையது."

அவர் திரும்பி, பாதி கட்டிய மாடிப்படியைப் பார்த்தார். ஜெசிந்தா நின்றபடியே சுவரில் கையை வைத்துக்கொண்டார். விழுந்துவிடக்கூடாது என்று சுவரைத் தாங்கிப் பிடிப்பதுபோல் இருந்தது. பிறகு என்னைப் பார்க்காமல், சாந்தாமணியைப் பார்த்துக் கேட்டார்.

"அக்கா... சார் கையெழுத்துப் போட்டுருவாகளா?"

"போட மாட்டாருங்க, கண்ணு. மொதல்ல உங்க பத்திரம் சரியாகட்டும். அப்பறந்தான் நம்மளுது."

நான் பேச வேண்டிய வசனத்தை அவள் பேசிவிட்டாள். எனக்குத் தலையாட்டுவது மட்டும் மிச்சம்.

சொல்வது சுலபம். திருத்தல் பத்திரம் போட வேண்டும். அதற்குப் பழனிச்சாமி வந்து கையெழுத்துப் போட வேண்டும். அவரோ இன்றைக்கு ஈரோடு, நாளைக்குக் கல்யாணம், மறுநாள் கரிநாள் என்று போக்குக் காட்டினார். இதற்குள் எங்கள் வாடகை வீட்டுக்குப் புதியவர்கள் சாமான் வண்டியோடு வந்து வாசலில் நின்றுவிட்டார்கள். எங்கள் பீரோவும் கட்டிலும் என் பேனாவும் பேப்பரும் மூட்டையாகி ஒரு மினி லாரியில். எங்கே போவது? பழனிச்சாமியிடம் மூன்றாம் நம்பர் சாவி கேட்டால், "பத்திரம் முடியாம சாவி குடுக்கற பழக்கம் இல்லீங்க" என்கிறார்.

லாரி நிற்பதைக் கேள்விப்பட்டு ஆரோக்கியசாமி கம்பெனியிலிருந்து பாதி ஷிப்டில் சைக்கிளில் வந்தார். என்னையும் அழைத்துக்கொண்டு நேராகப் பழனிச்சாமி ஆபீசுக்குப் போனார். கையில் தன் பத்திரம்.

"அண்ணே, இதுல என்ன எழுதியிருக்கு? பிளானை வச்சுப் படிச்சுச் சொல்லுங்க. செவத்துல மூணுன்னு போட்டிருக்கது யாரு வீடு?"

பழனிச்சாமி படித்தார். பிளானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என் வீடுதானே? என் வீட்டுச் சாவியக் குடுங்க. நான் இந்தச் சாரைக் குடி வைக்கப்போறேன்."

அதுவரை அதிராத பழனிச்சாமியின் முகம் அப்போதுதான் மாறியது. பீரோவுக்குள் தூங்கும் என்று அவர் நினைத்த பத்திரம், சைக்கிளில் ஏறி வந்து சாவி கேட்கிறது! மேஜை டிராயரைத் திறந்தார். சாவியை வைத்தார். "அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ரிஜிஸ்தர் ஆபீசுக்கு வந்தர்றனுங்க" என்றார் மெதுவாக.

இப்படியாக, நான் வாங்காத என் வீட்டில், அதை வாங்கியது தெரியாமல் வாங்கிவிட்ட ஒருவரின் விருந்தாளியாகப் பத்து நாள் இருந்தேன். வாடகை கேட்டாரா என்கிறீர்களா? ஜெசிந்தா தினமும் மீன்குழம்பு கொடுத்தனுப்பினார். யார் யாருக்கு வாடகை தருவது என்பதிலும் எனக்குக் குழப்பம்தான்.

விஷயம் சந்து முழுக்கப் பரவியது. ஏற்கெனவே வாங்கியிருந்த மற்ற நான்கு குடும்பத்தாரும் பத்திரத்தோடு வந்துவிட்டார்கள். எல்லாமே தலைகீழ். ஓடையோரத்து வீட்டுக்காரர் ரோட்டோரத்து மனைக்குச் சொந்தக்காரர். "அப்ப எனக்கு மெயின் ரோட்டு மனைங்களா?" என்று அவருக்கு ஒரு நிமிடம் முகம் மலர்ந்தது. பிறகு ரோட்டோரத்துக்காரரைப் பார்த்துவிட்டு, "தமாசுக்குச் சொன்னனுங்க" என்றார். நல்ல மனிதர்.

வெள்ளிக்கிழமை ஐந்து திருத்தல் பத்திரம். கடைசியாக என் பத்திரம். சப் ரிஜிஸ்டிரார் எங்கள் கும்பலைப் பார்த்து, "ஒரே குடும்பமா?" என்று கேட்டார். யாரும் மறுக்கவில்லை. ஆரோக்கியசாமி என் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். விரலில் படி கட்டிய சிமென்ட் இன்னும் போகவில்லை.

புது வீடு வாங்கப்போகும் வாசகர்களே... மூலப் பத்திரம் பாருங்கள், வில்லங்கம் பாருங்கள், தண்ணீரையும் குடித்துப் பாருங்கள். எல்லாம் முடிந்ததும் பத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த மனையில் போய் நின்று நான்கு எல்லையையும் ஒரு முறை சத்தமாகப் படியுங்கள். அக்கம்பக்கத்தாருக்கும் கேட்கட்டும்.

கூடவே, வடக்கு எதுவென்று தெரிந்த ஒருவரை அழைத்துப் போங்கள் — முடிந்தால் கல்யாணமே அப்படிப் பார்த்துச் செய்துகொள்ளுங்கள்!