கொக்கு விரட்டிய பொம்மையன்

என் அண்ணன் பொம்மையனைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: தங்கமான மனுஷன். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யார் என்ன வேலை ஏவினாலும் தலையாட்டுகிறவருக்கு ஊர் கொடுக்கும் பட்டம் அது. பட்டம் கொடுத்தவன் எவனும் அவருடைய வயலில் ஒரு நாள் இறங்கிக் களை பறித்ததில்லை.

பத்தாம் வகுப்பில் கணக்கில் கவிழ்ந்த கையோடு நிலக்கோட்டைப் பூச்சந்தைக்கு மூட்டை தூக்கப் போனார். அங்கேயே வேன் ஓட்டக் கற்றுக்கொண்டு, மல்லிகை ஏற்றிக்கொண்டு மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் அலைந்தார். அந்த வேன் சம்பாத்தியத்தில்தான் நான் படித்து, எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியிலேயே அறிவியல் டீச்சர் ஆனேன். அப்பா இறந்த பிறகு அண்ணன் ஊர் திரும்பி, கண்மாய்க் கரைக்குக் கீழே இருக்கும் எங்கள் நெல் வயலைப் பார்த்துக்கொண்டார். அண்ணியும் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட, மகள் யோகப்பிரியாவுக்குத் தலை பின்னிவிடுவதிலிருந்து எல்லாம் அவர்தான். இதற்கு நடுவில் ஊர் வேட்டும் அவர் பொறுப்பு. சாமி புறப்பட்டாலும் பிணம் புறப்பட்டாலும் பொம்மையன் வந்து வெடி போட வேண்டும். அதில் ஒரு சுண்டுவிரல் நுனி போயிற்று, அதையும் சிரித்துக்கொண்டே சொல்வார்.

போன ஆவணியில் யோகப்பிரியாவைக் கீரனூரில் கட்டிக்கொடுத்தோம். சம்பந்தி வீட்டார் வசதியானவர்கள், மரியாதையானவர்கள். கல்யாணச் சாப்பாட்டில் ஒரு குறை வைக்கவில்லை. அங்கே கை நனைத்துவிட்டு வந்த நாளிலிருந்து அண்ணனுக்கு ஒரே ஆசை. கோடையில் எங்கள் ஊர் மீன்பிடித் திருவிழாவுக்குச் சம்பந்தியை அழைத்து, சொந்த வயல் அரிசிச் சோறும் சொந்தக் கண்மாய் மீன் குழம்பும் போட வேண்டும். பெரிய மீன் தலையாகப் பார்த்துச் சம்பந்தி இலையில் வைக்க வேண்டும். "பொண்ணு குடுத்த வீடு வெறும் வீடுன்னு அவுக நெனச்சுறக் கூடாது, செல்வி" என்பார். வேறு எதற்கும் அவர் இப்படி ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

மீன்பிடித் திருவிழா என்றால், தண்ணீர் வற்றும் காலத்தில் ஊரே சேர்ந்து கண்மாயில் இறங்குவது. அதுவரை ஒருவரும் மீனில் கை வைக்கக் கூடாது. கரையில் நின்று ஒருவர் வெள்ளைத் துண்டை வீசுவார், உடனே எல்லாரும் ஓடுவார்கள். கையில் ஊத்தா இருக்கும், அடிப்பக்கம் திறந்த மூங்கில் கூடை. மீன் மேல் கவிழ்த்து மேலே கைவிட்டு எடுப்பார்கள். பிடித்ததை விற்கக் கூடாது, ஆக்கித் தின்னவும் உறவுக்குக் கொடுக்கவும்தான். அன்றைக்குச் சாயங்காலம் மீன் வாசம் வராத வீடு இருக்காது.

இந்த நல்ல வழக்கத்தில் மண்ணைப் போட்டவன் பிரபு. திண்டுக்கல்லில் செல்போன் கடை வைத்திருக்கிறான், ஊரில் விழாக் கமிட்டித் தலைவர். முந்தின வருஷம் மீன் குறைவாகக் கிடைத்ததில் அவனுக்கு மானம் போய்விட்டதாம். ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்ததும் கட்லா, ரோகுக் குஞ்சுகளை வாங்கி வந்து விட்டான். அதுவரை சரிதான். அப்புறம் ஊர்க்கூட்டம் போட்டு, கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் அடைகிற பறவைகளை விரட்ட வேண்டும் என்றான்.

இந்த யோசனை அவனுக்கு வந்த இடம் எங்கள் பள்ளிச் சுவர். வெளியூரிலிருந்து வந்த ஒரு சங்கத்தார் அந்தச் சுவரில் உணவுச் சங்கிலி வரைந்துவிட்டுப் போனார்கள். பாசி, அதிலிருந்து அம்புக்குறி, சின்ன மீன், அம்புக்குறி, பெரிய மீன், அம்புக்குறி, கடைசியில் ஒரு கொக்கு. "இப்படி நேர்கோட்டில் எங்குமே நடக்காது, உணவு வலையாகப் போடுங்கள்" என்று நான் மன்றாடினேன். குழந்தைகளுக்குக் குழப்பமாக இருக்கும் என்றார்கள். குழந்தைகளுக்கு ஒரு குழப்பமும் வரவில்லை. சுவருக்கு எதிரில் பஸ்ஸுக்கு நிற்கிற பெரியவர்களுக்குத்தான் வந்தது.

"டீச்சர், ஒங்க சுவத்துலயே போட்டிருக்குல்ல" என்றான் பிரபு, கூட்டத்தில் எல்லார் முன்னாலும். "பெரிய மீனத் திங்கிறது கொக்கு. கடைசியில நிக்கிற அந்த ஆள வெரட்டிட்டா மீனு அம்புட்டும் நமக்குத்தான?"

எழுந்து நின்று கத்தினேன். மெதுவாகப் பேசுகிற பழக்கம் எனக்கு வகுப்பிலேயே கிடையாது.

"கொக்கு மீன மட்டுமா திங்கிது? விடிஞ்சா எங்க போகுதுன்னு ஒருத்தராவது பாத்திருக்கீங்களா? நம்ம வயலுக்குத்தான் போகுது. வெட்டுக்கிளி, புழு, நண்டு எல்லாத்தையும் பெறக்கித் திங்கிது. நீர்க்காகம் முழுங்குறதுல முக்காவாசி ஜிலேபிக் கெண்ட. அந்த ஜிலேபி பெருகுனா ஒங்க கட்லாவுக்கு எர எங்க இருக்கும்? கண்மாய்ல ஒண்ணுக்குப் பத்து வாயி, ஒரு வாய்க்குப் பத்து எர. ஒண்ண உருவுனா எங்கெங்க இழுக்கும்னு யாருக்குத் தெரியும்?"

"அக்கா, செத்த நேரம் உக்காருங்க. இது பள்ளிக்கூடமில்ல" என்றான். கூட்டம் சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள். உணவு வலையைப் படம் போட்டு மதிப்பெண் வாங்கிக்கொண்டு, அதைப் பரீட்சைத் தாளிலேயே விட்டுவிட்டு வந்தவர்கள்.

பிறகு பிரபு அண்ணன் பக்கம் திரும்பினான். "வேட்டு போட ஒங்கள விட்டா ஊர்ல யாருண்ணே இருக்கா? பறவைகள மட்டும் காலி பண்ணிக் குடுங்க. இந்த வருஷம் கரையில நின்னு வெள்ளத் துண்டு வீசுறது நீங்கதான், ஒங்க சம்மந்தி முன்னாடி."

அண்ணன் முகத்தைப் பார்த்தேன். முடிந்தது என்று தெரிந்துவிட்டது. "ஊரு சொல்லுது, செய்யத்தான செய்யணும்" என்றார். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் திட்டினேன். "நீ படிச்சவ, ஒனக்குத் தெரியாம இருக்குமா. ஆனா ஊருன்னு ஒண்ணு இருக்குல்ல" என்று அதற்கும் ஒரு தலையாட்டல்.

கார்த்திகையில் வெடி ஆரம்பித்தது. காலையிலும் மாலையிலும் கரையில் நின்று போட்டார். முதலில் பறவைகள் எழும்பிச் சுற்றிவிட்டு மரத்துக்கே திரும்பின; கூட்டில் முட்டை இருந்தால் எந்தத் தாய்தான் எளிதில் போகும். அண்ணன் பரிசலில் மரத்தடிக்கே போய்ப் போட்டார். முட்டைகளைக் காக்கைகள் கொத்தின. பொரித்திருந்த சில குஞ்சுகள் தண்ணீரில் விழுந்து கரையொதுங்க, நாய்கள் இழுத்துப்போயின. மார்கழி பிறந்தபோது மரத்தில் ஒரு சிறகு இல்லை. பிரபு அதைச் செல்போனில் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினான்.

பறவை போனதற்கு வயல்தான் முதலில் பதில் சொன்னது. வரப்பெல்லாம் நண்டு வளை, கட்டிய தண்ணீர் காலைக்குள் வடிந்துவிடும். இலைச்சுருட்டுப் புழு பயிரை வெளுக்க வைத்தது. ஊரில் எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம்தான், கண்மாயை ஒட்டிய எங்கள் வயலுக்கு நிறைய. அண்ணன் பூச்சிமருந்துக் கடையில் கொடுத்ததை வாங்கி வந்து அடித்தார். "அண்ணே, புழு மட்டுமா சாகும்? செலந்தியும் சேந்து சாகும். பூச்சியத் திங்கிற பூச்சியும் அதுலதான் இருக்கு" என்று கத்தினேன். பயிர் கண் முன்னால் போகிறபோது யார் காதில் விழும்? புழு செத்தது. கொஞ்ச நாளில் புகையான் இறங்கியது. அந்தச் சின்னஞ்சிறு பூச்சி தூரில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சினால், வயல் வட்டம் வட்டமாகத் தீய்ந்துபோகும். அதைத் தின்னும் சிலந்தியைத்தான் மருந்தடித்துத் தீர்த்திருந்தோமே. அறுத்துத் தூற்றியபோது பறந்ததெல்லாம் பதர். சம்பந்திக்கென்று தனியாக எடுத்துவைக்க ஒரு மூட்டைகூடத் தேறவில்லை.

அப்போதாவது அண்ணன் கோபப்படுவார் என்று பார்த்தேன். "போகுது விடு, மீனாவது இருக்குல்ல" என்றார். எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

சித்திரை வெயிலில் தண்ணீர் முழங்காலளவுக்கு வந்தது. திருவிழாவுக்கு நாள் குறித்தார்கள். கீரனூரிலிருந்து சம்பந்தி, அவர் வீட்டம்மா, யோகப்பிரியா, மாப்பிள்ளை எல்லாரும் கார் வைத்து வந்து கரையில் நின்றார்கள். அண்ணன் புது வேட்டி கட்டியிருந்தார். சாமி கும்பிட்டுவிட்டு வெள்ளைத் துண்டை வீசினார். ஊரே கூச்சல் போட்டுக்கொண்டு இறங்கியது. தலைக்கு மேல் பிரபுவின் ட்ரோன் கேமரா பறந்தது.

கொஞ்ச நேரத்திலேயே கூச்சல் அடங்கிவிட்டது. ஊத்தாவைக் கவிழ்த்த இடமெல்லாம் மீன்தான், ஆனால் எல்லாம் ஜிலேபி, விரல் நீளத்துக்கு மேல் ஒன்றில்லை. தின்று குறைக்க நீர்க்காகம் இல்லாமல் குஞ்சு மேல் குஞ்சாகப் பெருகி, இருந்த இரையை ஆளுக்குக் கொஞ்சமாகத் தின்று, எதுவும் வளராமல் கிடந்திருக்கிறது. கட்லா ஆங்காங்கே அகப்பட்டது, தலை பெருத்து உடம்பு ஒட்டி, நோய்க்காரனைப் போல. பெண்கள் கொண்டுவந்த அண்டாக்களில் அடிகூட மறையவில்லை.

சேறும் சகதியுமாக நின்ற கமிட்டிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிரபு சத்தமாக, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்: "வேட்டு ஒழுங்காப் போடல. எடையில எங்கயோ கொக்கு வந்து தின்னுட்டுப் போயிருக்கு."

ஒரு சிறகு மிச்சமில்லாமல் விரட்டிய மனுஷனைப் பார்த்து! அவன் கன்னத்தில் அறைய என் கை எழுந்தேவிட்டது. அண்ணன் குறுக்கே வந்து, "வீட்டுக்குப் போ செல்வி, ஒலை வையி. வந்தவுக பசியோட நிக்கிறாக" என்றார்.

போனேன். ரேஷன் அரிசியைக் களைந்து உலையில் போட்டேன். அந்த ஜிலேபிகளை ஆய்ந்து குழம்பு வைத்தேன், முள்ளைத் தவிர அதில் என்ன இருக்கிறது. வாசலில் பந்தல் போட்டு, பாயை விரித்து, இலை போட்டோம். விழாவுக்குத் தலைவர் என்பதால் பிரபுவையும், கூடவே கமிட்டிக்காரர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார் அண்ணன். சம்பந்திக்கு நேர் எதிரில் அவன் இலை.

சம்பந்தி ஒன்றுமே நடக்காதது போல முள்ளை எடுத்து எடுத்துச் சாப்பிட்டார். "கொளம்பு அருமையா இருக்குதுங்க" என்றார். அந்த மரியாதையில் அண்ணன் இன்னும் குறுகிப்போனார். பிறகு சம்பந்தி நிமிர்ந்து, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"ஏனுங்க சம்மந்தி, பொண்ணு பாக்க வந்தப்ப அந்த மரம் பூராம் வெள்ளை வெளேர்னு கொக்கு இருந்துச்சுங்களே. ஊட்ல போயிச் சொல்லிச் சொல்லி மாஞ்சனுங்க. இந்தத் தடவை ஒண்ணையும் காணமுங்களே, எங்கெங்க போச்சு?"

பந்தியில் கமிட்டிக்காரர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். ஆளாளுக்குத் தண்ணீர் டம்ளரை எடுத்தார்கள். பிரபு சோற்றுக்குள் முள்ளைத் தேடிக்கொண்டிருந்தான். எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, அண்ணன் முந்திக்கொண்டார்.

"நான்தாங்க வெரட்டுனேன்" என்றார். "மீனு கூடும்னு வெடி போட்டேங்க. கூட்டுல குஞ்சு இருந்துச்சு, தெரிஞ்சேதான் போட்டேன். மீனும் போச்சு, நெல்லும் போச்சு. இந்தச் சோறுகூட எங்க வயச் சோறு இல்லீங்க. யாரு சொன்னா என்ன, திரியில நெருப்பு வச்சது என் கையி."

யோகப்பிரியா அழ ஆரம்பித்தாள். சம்பந்தி சோற்றைப் பிசைந்தார். ஊர் செய்த பிழையை ஒற்றை ஆளாக ஏற்றுக்கொண்டு அண்ணன் தூணோரம் நின்றார், எட்டிப் பிடிக்க ஒரு கை வரவில்லை. பிரபு மட்டும் குழம்புச் சோற்றை முடித்து, இலையில் மறுசோற்றை நடுவில் குழித்து வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"அக்கா, ரசம்."

ரச வாளியோடு அவன் இலைக்கு முன்னால் போய் நின்றேன். கரண்டியில் மொண்டேன். அவன் பார்த்துக்கொண்டிருக்க, பந்தி மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, அவன் இலையைத் தாண்டிப்போய் அடுத்த இலையில் ஊற்றினேன்.