நிறம் வராத தண்ணீர்

கடப்பாக்கத்துப் பக்கம் ஒரு இறால் குஞ்சுப் பண்ணையில் நான் மோட்டார் போடுகிறவன். கடல் தண்ணீரை உள்ளே இழுப்பதும், தொட்டி கழுவிய தண்ணீரை வெளியே விடுவதும் என் வேலை. வெளியே விட்டால் அது போய்ச் சேர்வது கழிமுகத்தில். அந்தக் கழிமுகத்தில்தான் என் அக்கா இறால் தடவினாள்.

தடவுவதற்கு வலை கிடையாது, தூண்டில் கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் குந்தி, சேற்றுக்குள் இரண்டு கையையும் விட்டுத் துழாவ வேண்டும். விரல் பட்டதும் இறால் துள்ளும். அது நழுவுவதற்குள் பிடித்து, கழுத்தில் தொங்கும் ஓலைப் பறியில் போட்டுவிட வேண்டும். மாமா போய்ச் சேர்ந்த பிறகு அக்கா நிமிர்ந்தது அந்தச் சேற்றை நம்பித்தான். “எனுக்கு ஆபீசு அதாண்டா, கையெழுத்துக் கூட போட வேணாம்” என்பாள்.

பண்ணையில் பிளீச்சிங் பவுடர் இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது. கிருமியைக் கொல்கிற மருந்து மீனை மட்டும் விட்டுவைக்குமா? அதனால் கழுவின தண்ணீரைக் குட்டையில் தேக்கி, ‘தயோ’ என்று நாங்கள் சொல்லும் உப்பைக் கொட்டி, விஷம் முறிந்த பிறகே மடையைத் திறக்க வேண்டும். முறிந்ததா என்று பார்ப்பது லேப் பெண். சின்னக் குப்பியில் தண்ணீர் எடுத்து ஒரு மாத்திரை போடுவாள். ரோஸ் நிறம் வந்தால் விஷம் பாக்கி இருக்கிறது. நிறம் வராவிட்டால் எனக்குத் தலையசைப்பாள்.

திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் அவள். வந்த புதிதில், ஆற்றில் போட்டாலும் அளந்து போடணும்மா என்று ஏதோ பேச்சுக்குச் சொன்னேன். “நம்ம ஊரு ஆச்சிமாரு மாதிரியே பேசுதியளே” என்று சிரித்தாள். அதன் பிறகு தயோ அளக்கும்போதெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டே அளப்பாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு அவளுக்கு அக்கா வீட்டில்தான்.

“உங்க ஊர்ல இன்னாத்த துன்னுவீங்கோ, அல்வாவையா? ஒடம்பப் பாரு, ஈர்க்குச்சியாட்டம் கீது” என்று அக்கா இறால் தொக்கை அள்ளி வைப்பாள்.

“போதும்க்கா, வயிறு வெடிச்சிரும்.”

“வெடிச்சா தெச்சிக்கலாம், துன்னு.”

அப்போதுதான் பண்ணையில் நோய் விழுந்தது. குஞ்சுகள் தொட்டி தொட்டியாகச் செத்து மிதந்தன. எல்லாவற்றையும் பிளீச்சிங் போட்டு அழித்துக் கழுவச் சொன்னார்கள். லேப் பெண் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், ஒரு கிருமிகூடத் தப்பக்கூடாது என்று மேனேஜர் கூடுதலாக மூட்டைகளைப் பிரித்துக் கொட்ட வைத்திருக்கிறார். அவளிடம் யாரும் சொல்லவில்லை. வழக்கமான அளவுக்குத் தயோ போட்டாள். மாத்திரை போட்டாள். குப்பி பளிங்கு மாதிரி இருந்தது. தலையசைத்தாள். நான் திறந்தேன். பிளீச்சிங் வாடை எங்கள் மூக்குக்கு எப்போதோ பழகிப்போயிருந்தது.

மறுநாள் காலையில் அக்கா ஈரப் புடவையோடு கேட்டில் வந்து நின்றாள். கண் இரண்டும் கோவைப்பழம். கை தோலெல்லாம் வெந்து வெளிறியிருந்தது. பறியைச் சிமெண்டுத் தரையில் கவிழ்த்தாள்.

“துள்ளலடா தம்பி. கைய வுட்ட எடமெல்லாம் எறா கீது. ஒண்ணுகூட துள்ளல.”

லேப் பெண் குட்டைக்கு ஓடினாள். அடியில் தேங்கியிருந்ததை மொண்டு மாத்திரை போட்டாள். நிறம் இல்லை. அதில் கொஞ்சத்தை ஒரு குவளை குடிதண்ணீரில் கலக்கி, அதிலிருந்து எடுத்து இன்னொரு மாத்திரை போட்டாள். செம்பருத்தியாகச் சிவந்தது.

“பிளீச்சிங் ரொம்ப அதிகமா இருந்தா, வர்ற நெறத்தையே அது வெளுத்துருதுண்ணே” என்றாள். “நான் முறிஞ்சிட்டுன்னு நெனச்சேன்.”

பின்னால் வந்த மேனேஜர், “ஏம்மா, வெளுத்ததெல்லாம் பாலா?” என்றார். பழமொழிகளைத் தேடித் தேடிச் சேர்க்கிறவன் நான். அன்று அந்த வாயில் கேட்டபோது காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது. கூடுதல் மூட்டையைக் கொட்ட வைத்தவரே அவர்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா அவளுக்குச் சோறாக்கி வைத்துக் காத்திருந்தாள். தொக்குக்கு இறால் இல்லை, முட்டைக் குழம்பு. அவள் வரவில்லை. சொல்லிக்கொள்ளாமல் ஊருக்குப் போய்விட்டாள்.

மழை பெய்து கழிமுகம் கழுவிக்கொண்டு போன பிறகு, இறால் திரும்ப வந்தது. மற்றப் பெண்கள் இறங்கிவிட்டார்கள். அக்கா மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலுக்கு அறை துடைக்கப் போகிறாள். ஒரு நாள் பஸ் ஸ்டாப்பில் கேட்டேன்.

“எறா வந்துட்ச்சேக்கா, எறங்கலியா?”

“பாத்துகினுதான் கீறேன். அன்னிக்கி செத்ததாவே கைல பட்டுகினு இருந்திச்சு பாரு. இப்போ சேத்துல கைய வுட்டா, துள்ளுமோ துள்ளாதோன்னு நடுங்குதுடா.” பஸ் வருகிற திசையைப் பார்த்தாள். “அந்தப் பொண்ணு போன் கீன் பண்ணிச்சா?”

“இல்லக்கா.”

“நீயாச்சும் பண்றது? அக்கா ஒண்ணும் திட்டலன்னு சொல்லு. வந்தா துன்னுட்டுப் போவ சொல்லு.”

பஸ் போனதும் கூப்பிட்டேன். அந்த எண் உபயோகத்தில் இல்லையாம். மறுநாளும் கூப்பிட்டேன், அதே பதில்தான். சாயங்காலம் அக்கா கேட்டபோது, “சொல்லிட்டேன்க்கா” என்றேன்.

“இன்னா சொல்லிச்சு?”

“வர்றேன்னு சொல்லிச்சு.”