சிவப்பு எழுத்து நோட்டும் சுகிர்தா அக்காவும்

அன்று காலை புத்தூரிலிருந்து ஒருவர் போனில் பேசினார். தன்னிடம் ஆறாம் ஜார்ஜ் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டு ஒன்று இருக்கிறது, ஓரத்தில் லேசாகக் கிழிந்திருக்கிறது, என்ன விலை போகும் என்று கேட்டார். "அக்காவக் கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லி வைத்தேன். உடனே அடுத்த அழைப்பு வந்தது. சுகிர்தா அக்காவின் மகள் பிரிசில்லா, பெங்களூரிலிருந்து.

"அங்கிள், அம்மா போயிட்டாங்க. காபி குடிச்சிக்கினு இருந்தாங்களாம். அப்படியே சாஞ்சிட்டாங்க. நான் சித்தூருக்குக் கிளம்பிட்டேன், நீங்களும் வந்துடுங்க."

திருப்பதியிலிருந்து சித்தூர் போகும் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான், புத்தூர்க்காரருக்குச் சொன்ன வாக்கை இனி காப்பாற்ற முடியாது என்பது எனக்கு உறைத்தது.

பழைய காகிதப் பணம் சேர்க்கும் நம் வட்டத்தில் சுகிர்தா அக்காவைத் தெரியாதவர்கள் குறைவு. புதிதாக வந்திருப்பவர்கள் சிலர் அவர் பெயரை மட்டும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர்களையும் நினைத்தே இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளில் சித்தூர் பஸ் நிலையத்துக்கு எதிரே அக்கா எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார். கணவர் மஸ்கட்டில் எலக்ட்ரீசியன். குவைத்துக்கும் துபாய்க்கும் ஆண்களை அனுப்பிவிட்டு, சுற்றுக் கிராமத்துப் பெண்கள் அங்கே வந்துதான் பேசுவார்கள். விடுமுறையில் வந்தவர்கள், பாக்கெட்டில் மிஞ்சிய அரபு நாட்டு நோட்டு ஒன்றிரண்டை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவருடைய சேகரிப்பு அப்படித்தான் தொடங்கியது. பிறகு அவர் நம் நாட்டு நோட்டுகள் பக்கம் திரும்பினார். கைபேசி வந்து பூத்தில் ஈ ஓட்ட வேண்டியதாகிவிட்டபோது பலர் கடையை மூடிவிட்டு முடங்கினார்கள். அக்கா அதே பூத்தின் கண்ணாடி அலமாரியில் நோட்டுகளை அடுக்கி, பெயர்ப் பலகையை மாற்றி எழுதினார்.

எனக்குத் திருப்பதியில் போட்டோ ஸ்டுடியோ. கண்காட்சிக்காக நோட்டுகளைப் படம் பிடித்துக் கொடுக்கப் போய், நானும் சேகரிக்க ஆரம்பித்தவன். முதன்முதலில் என் ஐந்தாம் ஜார்ஜ் ஒரு ரூபாய் நோட்டைப் பெருமையாக அவரிடம் நீட்டினேன். மடிப்பு தெரியாமல் இருக்கட்டும் என்று இஸ்திரி போட்டு எடுத்துப் போயிருந்தேன்.

"இன்னா கோபி, கல்யாணத்துக்குக் கூட்டிக்கினு போறியா இத?" என்று கேட்டார். நோட்டை வெளிச்சத்தில் சாய்த்து, "பாரு, காயிதம் பளபளக்குது. அச்சுல இருந்த மேடு பள்ளமெல்லாம் நசுங்கிப் போச்சு. மடிப்போட இருந்திருந்தா நானே வாங்கியிருப்பேன்" என்றார். நோட்டு சேர்க்கும் எல்லோரிடமும் அவர் சொல்வது ஒன்று உண்டு: "வயசுக்கு வெல இல்ல. எத்தன மிஞ்சியிருக்குது, எப்படி மிஞ்சியிருக்குது, யாருக்கு வேணும். இந்த மூணையும் கேளு."

இந்த மூன்றாவது கேள்வி எவ்வளவு முக்கியம் என்பதை குடிபாலாவிலிருந்து வந்த ஒரு தம்பதியிடம் பார்த்தேன். டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டுக்கு லட்சக்கணக்கில் தருவதாக யாரோ போனில் சொல்லியிருக்கிறார்கள். முதலில் பதிவுக் கட்டணம் கட்டவேண்டுமாம். அதற்காக அந்த அம்மா கம்மலைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அக்கா அந்த எண்ணுக்கே போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார். அந்தப் பக்கம் தெலுங்கில் இனிக்க இனிக்கப் பேசினான் ஒருவன். அக்காவும் தெலுங்கிலேயே, "ரா நாயனா, நா தெக்கர கட்டலு கட்டலுகா உன்னாயி!" என்றார். வா ராசா, என்னிடம் கட்டுக்கட்டாக இருக்கிறது என்று அர்த்தம். "நீ சொன்ன வெலையில பாதி குடுத்தாப் போதும், எல்லாத்தையும் எடுத்துக்கோ" என்று தொடர்ந்தார். போன் துண்டிக்கப்பட்டது. அந்த அம்மா கம்மலைக் காதில் மாட்டிக்கொண்டு சிரித்தார். புருஷனுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அக்காவுக்குத் தன் கண்மேல் இருந்த நம்பிக்கை அபாரமானது. நோட்டைக் கையில் வாங்கி, திருப்பி, வெளிச்சத்தில் சாய்த்து, டீ ஆறுவதற்குள் தீர்ப்புச் சொல்லிவிடுவார். அந்தத் தீர்ப்பு ஒருமுறை பிசகியது. அக்காவைப் பற்றி நான் சொல்ல விரும்புவதில் பெரும்பகுதி அந்தச் சம்பவம்தான்.

திருப்பதியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நாம் நடத்திய கண்காட்சி அது. வெதுருகுப்பத்திலிருந்து முனிரத்தினம் என்றொரு விவசாயி வந்தார். அவருடைய தாத்தா ரங்கூனில் மூட்டை சுமந்தவர். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பியபோது கொண்டு வந்த நூறு ரூபாய் நோட்டை முனிரத்தினம் அக்காவிடம் நீட்டினார். ஆறாம் ஜார்ஜ் காலத்து இந்திய நோட்டு. மேலே சிவப்பு எழுத்தில், பர்மாவில் மட்டும் செல்லும் என்று அச்சடித்திருந்தது. இங்கே செல்லாத நோட்டு, மாற்றவும் வழி தெரியவில்லை. அதனால்தான் செலவாகாமல் மிஞ்சியிருந்தது. அந்தச் சிவப்பு எழுத்து உண்மையானால் நல்ல விலை. ஆனால் சாதாரண நோட்டில் பிற்பாடு சிவப்பு எழுத்து அடித்து விற்பவர்கள் அப்போது பெருகியிருந்தார்கள்.

முனிரத்தினத்தின் மகள் கஸ்தூரி நர்ஸ் படிப்பு முடித்திருந்தாள். குவைத்தில் வேலை தயாராக இருந்தது. போவதற்குத்தான் பணமில்லை.

சுற்றிலும் கூட்டம். அக்கா நோட்டைப் பார்த்தார். "செகப்பு நேத்து அடிச்ச மாதிரி இருக்குது. பின்னால போட்டது. இதுக்கு வெல கெடையாதுண்ணா" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். முனிரத்தினம் நோட்டை வேட்டி முனையில் வைத்துச் சுருட்டிக்கொண்டு இறங்கிப் போனார். சென்னையிலிருந்து வந்திருந்த வியாபாரி ஒருவர் அவர் பின்னாலேயே போனதை நாங்கள் பார்த்தோம். பெரிதாக நினைக்கவில்லை.

அன்று மாலை, கண்காட்சிப் படங்களை ஸ்டுடியோவில் கணினித் திரையில் பெரிதாக்கி அக்காவுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். அக்கா கையில் இருந்தபோது நான் எடுத்திருந்த அந்த நோட்டின் படம் வந்ததும் "நிறுத்து" என்றார். நோட்டின் நடுவே ஒரு பழைய மடிப்பு. சிவப்பு எழுத்து அந்த மடிப்பைக் கடக்கும் இடத்தில் மை உதிர்ந்து, மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்தது.

"மடிச்ச காயிதத்து மேல அடிச்சிருந்தா மை அந்தப் பள்ளத்துல போயி எறங்கியிருக்கும். இது அடிச்ச அப்புறம் மடிச்சது. உதிர்ந்திருக்குது பாரு" என்றவர், நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "அது நெஜம், கோபி. நான் அந்த மனுசன வெறுங்கையோட அனுப்பிட்டேன்."

மறுநாள் முதல் பஸ்ஸில் வெதுருகுப்பம் போனோம். வீட்டு வாசலில் முனிரத்தினம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, நோட்டு இருக்குதா?"

"டூப்ளிகேட்டுன்னு நீங்கதானம்மா சொன்னீங்க?"

"சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன். அது ஒரிஜினல். அத உங்க மூஞ்சப் பாத்துச் சொல்லணும்னு வந்தேன்."

முனிரத்தினம் பதில் சொல்வதற்குள் கஸ்தூரி வெளியே வந்தாள். "நேத்து சாயங்காலம் ஒருத்தரு காரு போட்டுக்கினு வந்தாரு. பாவம்னு பாத்து ஏதோ குடுக்கறேன்னாரு. நைனா எடுத்துக் குடுக்கப் போனாரு. நாந்தான் வேணாம்னேன். ஒண்ணுத்துக்கும் ஆவாத நோட்டுக்கு எதுக்கு இம்மாந்தூரம் வரணும்?"

அக்கா வாய்விட்டுச் சிரித்தார். "நான் நோட்டப் பாத்தேன். நீ ஆளப் பாத்தம்மா. நீ பாத்ததுதான் சரி." சிவப்பு மங்காமல் இருந்ததற்குக் காரணமும் அங்கேதான் தெரிந்தது. அத்தனை வருடமும் நோட்டு முருகன் படத்துக்குப் பின்னால், சட்டத்துக்குள் வெளிச்சம் படாமல் இருந்திருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு முனிரத்தினத்தையே கூட்டி வந்தார் அக்கா. எல்லோரையும் அழைத்து அந்த மடிப்பைக் காட்டி, தான் எங்கே தவறினார் என்பதை விளக்கினார். "இத வெளிய சொல்லாம இருந்திருக்கலாமேக்கா, உங்க பேரு இன்னாவறது?" என்று நம் நண்பர் ஒருவர் கேட்டார். "கூட்டத்துல சொன்னத கூட்டத்துலதான் திருப்பி எடுத்துக்கணும்" என்றார் அக்கா. நோட்டு பெங்களூர் ஏலத்தில் போனது. அக்கா தரகு வாங்கவில்லை. அந்தப் பணத்தில் கஸ்தூரி குவைத்துக்கு விமானம் ஏறினாள். அக்காவின் பெயருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நெல்லூரிலிருந்தும் வேலூரிலிருந்தும் ஆட்கள் அதற்குப் பிறகுதான் அதிகமாக அவரைத் தேடி வந்தார்கள்.

அடக்கத்தன்று சித்தூர் சபையில் முனிரத்தினம் கடைசி வரிசையில் நின்றிருந்தார். குவைத்திலிருந்து கஸ்தூரி போனில் அழுததாகச் சொன்னார். பிறகு பெட்டியைத் தூக்குகிறவர்களோடு அவரும் தோள் கொடுத்தார்.

போன மாதம் பிரிசில்லா கேட்டுக்கொண்டபடி, அக்காவின் சேகரிப்பை மதிப்பிட நம்மில் சிலர் அவர் வீட்டில் கூடினோம். ஐதராபாத் நிஜாம் அரசின் பத்து ரூபாய் நோட்டு ஒன்றை அக்கா மிகவும் விரும்பி வைத்திருந்தார். அதைக் கையில் எடுத்த நண்பர் ஒருவர், "இது புது நோட்டு மாதிரிதான்" என்று ஒரே பேச்சில் உச்சத் தரம் கொடுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. யாருக்கும் மறுத்துப் பேச மனமில்லை. எனக்கும்தான்.

இருந்தாலும், "குடுங்க, இன்னொரு தடவ பாத்துடலாம்" என்று கை நீட்டினேன். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தேன். மேல் மூலையில், மயிரிழை போன்ற ஒரு கிழிசலை யாரோ பின்பக்கமாக ஒட்டியிருந்தார்கள். நண்பரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "ஆமா" என்றார்.

பிரிசில்லா அருகில் வந்து, "கம்மியாயிடுமா அங்கிள்?" என்று கேட்டாள்.

"ஆவும்மா. ஆனா வாங்கறவங்க யாரும் இதுல கொற சொல்ல முடியாது" என்றேன்.

அக்காவின் நோட்டு எதையும் நான் எனக்கென்று எடுத்துக்கொள்ளவில்லை. சொன்ன சொல்லைத் திரும்பப் பார்க்கக் கூச்சப்படாத அந்த மனசை மட்டும் எடுத்துக்கொண்டேன். அந்த நோட்டின் தரத்தை ஒரு படி இறக்கி எழுதிவிட்டு, அடுத்த நோட்டை எடுத்தோம்.