புளி போட்டு மினுக்கிய கோதுகள்

எங்கள் குடும்பத்தில் கல்யாணமோ பிறந்தநாளோ முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியோ, எது நடந்தாலும், சாப்பாட்டு மேசையில் யாராவது ஒருவர் என்னைக் காட்டி, "இவள்தான் புளி போட்டுச் சித்தப்பாவின்ர துவக்குச் சூட்டைக் கெடுத்தவள்" என்று தொடங்கிவிடுவார். எல்லாரும் சிரிப்பார்கள். என் பிள்ளைகளும் இப்போது சேர்ந்து சிரிக்கிறார்கள். முப்பது வருடத்துக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், நான் ஒன்றையும் கெடுக்கவில்லை. யார் கேட்கிறார்கள்? அதனால் எழுதிவைக்கிறேன். வாசித்துவிட்டாவது வாயை மூடட்டும்.

எண்பதுகளின் கடைசி. எனக்குப் பதினொரு வயது. லண்டன் ரெய்னர்ஸ் லேனில் எங்கள் வீட்டு மாடியின் சின்ன அறையில் அப்பாவின் தம்பி இருந்தார். தொழிற்சாலையில் லேத் மெஷின் வேலை. அவருடைய ஃபோர்மன் ஒரு வெள்ளைக்காரர், நல்ல மனிதர், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைத் தன்னுடைய ரைபிள் கிளப்புக்குக் கூட்டிப் போனார். போனவர் அதிலேயே ஒட்டிக்கொண்டார். பொலிஸ் அனுமதிப் பத்திரம் எடுத்தார். சுவரில் இரும்புப் பெட்டி பொருத்தி ஒரு ரைபிளையும் வாங்கி வைத்தார். அப்பாவுக்கு இது துண்டறப் பிடிக்கவில்லை.

"துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். இவர் சந்தா கட்டித் துவக்குச் சுடப் போறார்" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லுவார். சித்தப்பா தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார்.

மாடியில் அவர் தன் ரவைகளைத் தானே செய்வார். ஒருமுறை சுட்ட பித்தளைக் கோதைத் துடைத்து, அச்சில் கொடுத்து அமத்தி, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, வாயில் புதுக் குண்டை வைத்துக் அச்சின் கைபிடியை இழுத்தால் குண்டு உள்ளே இறங்கும். கோதின் கழுத்து எல்லாக் குண்டையும் ஒரே இறுக்கத்தில் பிடிக்க வேண்டுமாம். அதற்குச் சித்தப்பா வைத்த பெயர் கழுத்துப்பிடி. பிடி கூடிக் குறைந்தால் ஒரு குண்டு மேலே போகும், ஒன்று கீழே போகும். இதையெல்லாம் அவர் என்னிடம்தான் சொல்லுவார். வீட்டில் வேறு யாரும் காது கொடுப்பதில்லை. எனக்கு வெறுங் கோதைத் தொட அனுமதி இருந்தது. மற்ற எதிலும் கை வைத்தால் கை இருக்காது என்று சொல்லியிருந்தார்.

அந்த வருடம் கிளப்பின் நாலு பேர் டீமில் ஓர் இடம் காலியானது. வெளியூர்க் கிளப்புகளோடு போட்டிக்குப் போகிற டீம். மூன்று ஞாயிறு கழித்துத் தெரிவு. ஐந்து வருடமாகக் கிளப்பில் இலக்குப் பலகை தூக்கி, புல்லு வெட்டி, தேத்தண்ணிக் கேத்தில் கழுவிக்கொண்டிருந்த சித்தப்பாவுக்கு அந்த இடம் வேண்டும். எனக்குத் தெரிய அந்த மனிதன் லண்டனில் ஆசைப்பட்ட ஒரே பொருள் அதுதான்.

ஆகவே அவருக்கு உதவி செய்ய நினைத்தேன். இது குற்றமா? வெள்ளிக்கிழமை அம்மா குத்துவிளக்குக்குப் புளி கரைத்து வைத்திருந்தார். விளக்கை மினுக்கியது நான். மிச்சப் புளியைச் சட்டியோடு எடுத்துக்கொண்டு போய் நூறு கோதில் எண்பதை மினுக்கினேன். வெளியே மட்டுமல்ல, காது துடைக்கிற பஞ்சுக்குச்சியைப் புளியில் தோய்த்துக் கழுத்துக்குள்ளேயும் விட்டுச் சுற்றிச் சுற்றித் துடைத்தேன். கறுப்புக் கறுப்பாக வந்தது. பஞ்சுக்குச்சி முடிந்ததால்தான் இருபது மிஞ்சியது. வேலை முடிந்து வந்த சித்தப்பா பார்த்துவிட்டு, "எட, தங்கம் மாதிரியெல்லோ கிடக்கு!" என்றார். என் தலையைத் தடவினார். இதை மட்டும் யாரும் கதையில் சேர்ப்பதில்லை.

அடுத்த நாள் அவசரம் அவசரமாக நாற்பது ரவை செய்து, ஞாயிறு பயிற்சிக்குக் கொண்டுபோனார். திரும்பி வந்தபோது முகம் செத்துப்போய் இருந்தது. ஒரு சூடு மேலே, ஒரு சூடு கீழே. பிள்ளையார் சுழியைக்கூட அதைவிட நேராகப் போடலாம் என்றார் அப்பா, ஓட்டை விழுந்த இலக்குக் கார்டைப் பார்த்து.

பிறகு தொடங்கியது விசாரணை. முதலில் தராசு பிழை என்றார். கீழே அம்மாவின் வோஷிங் மெஷின் ஆடுவதால் தராசும் ஆடுகிறதாம். அம்மா இரண்டு நாள் உடுப்புத் தோய்க்காமல் இருந்தார். தராசு சரி. பிறகு தோள் பிழை என்றார். தோளுக்கு எண்ணெய் போட்டார். பிறகு அச்சு. அச்சின் மேலே ஒரு வளையம் இருக்கிறது, அதைத் திருகினால் அளவு மாறிவிடும். மாடியிலிருந்து கூப்பிட்டார்.

"பிள்ளை, உண்மையைச் சொல்லு. இதை நீதானே திருகினனி?"

"இல்லை."

"அப்ப ஆர் திருகினது? அப்பாவோ?"

"நான் தொடவே இல்லை!"

"தொடாமல் இது எப்பிடி மாறும்?"

சத்தியம் பண்ணினேன். சாமி அறைக்குப் போய் விளக்கைத் தொட்டுச் சத்தியம் பண்ணினேன். அம்மாவே, "சின்னப்பிள்ளைதானே, தெரியாமல் திருகியிருப்பாள், விடுங்கோ தம்பி" என்று எனக்காகப் பேசுகிற மாதிரிப் பேசி என்னைக் குற்றவாளி ஆக்கிவிட்டார். அன்று நான் சாப்பிடவில்லை. யாரும் இரண்டாம்முறை கூப்பிடவும் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த வளையத்தை உண்மையாகவே கழற்றிக் குப்பைக்குள் போட்டாலென்ன என்றுகூட நினைத்தேன்.

வளையம் சரியாகவே இருந்தது. அளந்து பார்த்தபோது தெரிந்ததாம். மன்னிப்பு ஒன்றும் வரவில்லை. அடுத்த சந்தேகத்துக்குப் போய்விட்டார்.

புதன்கிழமை, மிச்சமிருந்த கோதுகளை எடுத்து, மருந்து போடாமல், வெறுங் குண்டை மட்டும் ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தார். நான் கதவடியில் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு நின்றேன். சில குண்டுகள் வழுக்கிக்கொண்டு இறங்கின. சில கிறீச்சிட்டு, நின்று நின்று இறங்கின. லேசானதை இடப்பக்கம் வைத்தார், கடினமானதை வலப்பக்கம். கொஞ்ச நேரத்தில் இரண்டு குவியல். வலப்பக்கத்துக் கோதொன்றைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்தார். உள்ளே பளபளவென்றிருந்தது.

"இதை என்னத்தாலை மினுக்கினனி?"

"புளி."

தலையில் கை வைத்துக்கொண்டு கதிரையில் சாய்ந்தார். சுட்ட கரி கழுத்துக்குள் மெல்லிசாகப் படிந்திருக்குமாம். அது இருந்தால்தான் குண்டு ஒரே சீராக வழுக்கி இறங்குமாம். அதை ஒட்டத் துடைத்துவிட்டால் உலோகம் உலோகத்தைக் கவ்விப் பிடிக்குமாம், ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக. "செய்யேக்கை கை சொன்னது, நான் கேக்கேல்லை" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

எனக்கு எப்படியிருக்கும்? காலையில் எழும்பினால் பல்லைத் தீட்டு, காதைத் துடை, நகத்தை வெட்டு என்று உயிரை எடுக்கிற வீடு. அந்த வீட்டில், அழுக்கை ஏன் எடுத்தாய் என்று கேட்கிறார்கள்! அம்மாவும் இந்தமுறை என் பக்கம்தான். "பித்தளையைப் புளி போட்டு மினுக்காமல் வேறை என்னத்தைப் போட்டு மினுக்கிறது, தம்பி?" என்று கீழேயிருந்து கேட்டார். அப்பா சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். அன்றைக்குத் தொடங்கிய சிரிப்புத்தான்.

கோதுகளைத் திருத்த வழி இருந்தது. பென்சில் கரி. என் படம் கீறுகிற பென்சிலைக் கேட்காமல் எடுத்து, பிளேடால் சுரண்டிப் பொடியாக்கி, அந்தப் பொடியில் ஒவ்வொரு கழுத்தையும் தோய்த்துத் தட்டினார். வெள்ளிக்கிழமை மறுபடி குண்டை இறக்கிப் பார்த்தோம். கிறீச்சென்ற சத்தம் இல்லை. எல்லாம் ஒரே மாதிரி. கைபிடியை என்னிடம் தந்தார். வெறுங் கோதில் நானும் ஒன்றை இறக்கிப் பார்த்தேன். வெண்ணெயில் கத்தி போகிற மாதிரிப் போனது. சரி, இவரோடு கோபத்தை விடலாம் என்று நினைத்தேன்.

தெரிவு நாளில் என்னையும் கூட்டிப்போனார். பெரிய காதடைப்பான் ஒன்றைத் தலையில் மாட்டி என்னைப் பின்னால் ஒரு மர வாங்கில் இருத்தினார்கள். சித்தப்பா பாயில் குப்புறப் படுத்துச் சுட்டார். முடிந்ததும் கார்டு வந்தது. ஓட்டைகள் ஒன்றுக்குள் ஒன்றாக, ஒரு பென்னி நாணயத்தால் பெரும்பாலும் மூடிவிடலாம். அன்று சுட்ட ஆறு பேரில் அப்படி யாருக்கும் வரவில்லை. நான் எல்லாக் கார்டையும் எட்டிப் பார்த்தேன்.

கிளப்பின் கப்டன் வந்து சித்தப்பாவின் தோளில் கை போட்டார். அருமையான சூடு, இந்த வருடம் நான் பார்த்ததில் சிறந்தது என்றார். பிறகு குரலைக் கொஞ்சம் தணித்து, டீமுக்கு இந்தமுறை வேறொருவரைத்தான் எடுக்கிறோம், அங்கே பலரும் வருவார்கள், உங்கள் நாட்டு நிலைமையும் பேப்பரில் அடிபடுகிறது, தேவையில்லாத கேள்விகள் வரும், உமக்கு விளங்கும்தானே என்றார். சித்தப்பா "ஓஃப் கோர்ஸ்" என்றார். இரண்டு தரம் சொன்னார். முதலில் அவரைக் கிளப்புக்குக் கூட்டி வந்த ஃபோர்மன் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டில் எல்லாரும் காத்துக்கொண்டிருந்தார்கள். ஹரோவிலிருந்து பெரியம்மா குடும்பமும் வந்திருந்தது.

"என்னடாப்பா, எடுபட்டியோ?" என்றார் அப்பா.

"இல்லை அண்ணை. கழுத்துப்பிடி சரிவரேல்லை. புளி வேலையைக் காட்டிப்போட்டுது."

"பொய்! கப்டன் நல்ல சூடெண்டு சொன்னவர். நான் கேட்டனான்!" என்று கத்தினேன். அவருடைய கோட்டுப் பையிலிருந்து கார்டை இழுத்தெடுத்து மேசையில் போட்டேன். யாரும் பார்ப்பதற்கு முன் சித்தப்பா அதை எடுத்து நாலாக மடித்தார்.

"அது மரியாதைக்குச் சொன்னது. உனக்கு விளங்காது, சும்மா இரு."

பெரியம்மாதான் முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும். சித்தப்பாவும் சிரித்தார். அப்பா அவருக்கு ஒரு பியர் உடைத்துக் கொடுத்து, பக்கத்தில் இருத்தி, முதுகில் தட்டினார். அந்தக் கிளப்பில் சேர்ந்த நாளிலிருந்து அப்பா அவரைத் தட்டிக்கொடுத்ததை அன்றுதான் பார்த்தேன். சித்தப்பா அதன் பிறகு கிளப்புக்குப் போகவில்லை. அடுத்த மாதம் ரைபிளை விற்றுவிட்டார். அதற்கும் புளிதான் காரணம் என்று ஆகிவிட்டது.

நான் ஒரு மாதம் அவரோடு கதைக்கவில்லை. அவர் மாடிப்படியில் வந்தால் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கப்டன் சொன்ன ஆங்கிலத்தில் ஒரு சொல்கூட எனக்கு விளங்காமல் இல்லை. சித்தப்பாவைவிட எனக்குத்தான் நன்றாக விளங்கியிருக்கும். ஆனாலும் அதில் அருமையான சூடு என்பதை மட்டும்தான் நான் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். மிச்சத்தை அந்த மேசையில் வைக்க அந்த மனிதனால் ஏலாமல் இருந்தது என்பது எனக்கு எங்கே தெரிந்தது?

அன்று கிளப்பை விட்டு வெளிக்கிடும்போது, கப்டன் குனிந்து என்னிடம் ஒரு சொக்லட் தந்தார். கெட்டிக்காரப் பிள்ளை என்றார். நான் அழகாக "தாங்க் யூ" சொல்லி, காரில் வரும்போது முழுவதையும் நானே சாப்பிட்டேன்.