மேல்வீட்டுக்காரர் குடிக்காத தண்ணீர்

"எவ்வளவு போட்டிருக்கு?" என்று மாமா கேட்டார்.

இரத்தப் பரிசோதனைக் கூடத்தின் வாசற்படியில் உட்கார்ந்திருந்தோம். அவருடைய இடது கால் பெருவிரல் சிவந்து வீங்கியிருந்தது. செருப்பு ஒரு காலில்தான்.

"யூரிக் ஆசிட் எட்டு புள்ளி ஒன்பது மாமா. ஏழுக்குள்ள இருக்கணுமாம்."

"பள்ளிக்கூடத்துல ஒரு தடவையாவது இப்படி அதிகமா வாங்கியிருந்தா எங்கப்பா கையால அடி வாங்கியிருக்க மாட்டேன்."

"சிரிக்காதீங்க. கீழே இன்னும் எழுதியிருக்கு."

"நீதான் ரெண்டு மொழி படிச்சவளாச்சே, சொல்லு."

"தண்ணி நல்லா குடிக்கணுமாம். இது அதிகமா இருக்கிறவங்களுக்கு ரத்தக் கொதிப்பு வர வாய்ப்பும் அதிகமாம். டாக்டரைப் பார்த்து பிரஷர் அளந்துக்கணும்."

மாமாவின் சிரிப்பு நின்றது. "பிரஷர் இருக்குன்னு எவனாவது எழுதிட்டா என்னை மேல ஏத்த மாட்டாங்க கண்ணு. கீழ எனக்கு என்ன வேலை தெரியும்?"

வீட்டுக்கு வந்ததும் அத்தை கேட்டார்: "என்னடி போட்டிருக்கு?" நான் மாமாவின் முகத்தைப் பார்த்தேன். "தண்ணி நிறைய குடிக்கணுமாம் அத்தை" என்று சொல்லி, அதோடு நிறுத்திக்கொண்டேன்.

என் அம்மாவின் தம்பி அவர். கட்டட வேலையில் உயரமான கிரேனை இருபத்திரண்டு வருடம் ஓட்டியவர். கீழே நின்று வாக்கிடாக்கியில் சைகை சொல்பவர் அவரை மேல்வீட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவார். "மேல்வீட்டுக்காரரே, மழை எங்க வருதுன்னு பாத்துச் சொல்லுங்க." "வந்தா உனக்கு முன்னாடி நான்தான்யா நனைவேன்."

ஏணியில் இறங்கக் கால் மணி நேரம், திரும்ப ஏற அதைவிடக் கொஞ்சம் கூட. ஒரு முறை சிறுநீர் கழிக்க இறங்கினால் கீழே முப்பது பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். மற்ற ஓட்டுநர்கள் காலி பாட்டில் ஒன்றை மேலே கொண்டுபோவார்கள். மாமாவுக்கு அது கூச்சம். அதனால் காலையில் ஒரு டீ, பிறகு சாயங்காலம் இறங்கும்வரை நாக்கை நனைக்கிற அளவுதான்.

அன்று முதல் அத்தை இரண்டு பெரிய பாட்டில்களில் தண்ணீர் கொடுத்தனுப்பினார். பத்து மணிக்கு இதுவரை, பன்னிரண்டுக்கு இதுவரை என்று பேனாவால் கோடு போட்டிருப்பார். பாட்டில்கள் தினமும் காலியாகவே திரும்பின. "பாத்தியா, என் பேச்சைக் கேக்கவும் ஒரு ஆள் இருக்கு" என்று அத்தைக்குப் பெருமை. ஏணி ஏறுவதற்கு முன்பே மாமா அதைக் கைகழுவும் தொட்டியில் கொட்டிவிடுவார் என்பதைச் சைகைக்காரர் ரொம்பப் பிறகுதான் சொன்னார். விரல் வலித்தபோதெல்லாம் மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார். வீக்கம் வடிந்தது. டாக்டரிடம் போகவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

ஐந்து மாதம் கழித்து ஒரு முற்பகல். ஏழாவது மாடியில் கம்பிக் கட்டை அலுங்காமல் இறக்கி வைத்தார். கொக்கியைக் கழற்றினார்கள். அதன்பின் மேலேயிருந்து பதில் இல்லை. "மேல்வீட்டுக்காரரே, தூங்கிட்டீங்களா?" என்று சைகைக்காரர் மூன்று முறை கேட்டாராம். நான்கு பேர் ஏறி, கயிற்றில் கட்டி இறக்க ஐம்பது நிமிடம் ஆயிற்று.

ஆஸ்பத்திரியில் பிரஷர் அளந்தபோது மேல் அளவு இருநூற்று முப்பது. மூளையில் இரத்தக் கசிவு, வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. யூரிக் அமிலத்தின் பங்கு இவ்வளவு, பிரஷரை ஏற்றக்கூடிய அந்த வலி மாத்திரையின் பங்கு இவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். "ஒரு தடவை அளந்திருந்தா தெரிஞ்சிருக்கும்மா."

அத்தை நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து, பார்க்க வந்தவர்களிடமெல்லாம் ஒன்றையே சொன்னார்: "எல்லாம் இந்தக் கையாலதான். எதுலயும் ஒரு சிட்டிகை உப்பு கூடவே போடுவேன். நல்லாருக்குன்னு சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டாரு." நான் பக்கத்திலேயே நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

பதினோராம் நாள் மாமா போய்விட்டார். அத்தை இன்றும் உப்பே போடாமல்தான் சமைக்கிறார். போகும்போதெல்லாம் அதைச் சாப்பிட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எழுந்து வருகிறேன்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த நான்காம் நாள், அத்தை மருந்து வாங்கப் போயிருந்தபோது மாமாவிடம் கேட்டேன்: "அத்தை தன்னையே திட்டிக்கிறாங்க மாமா. ரிப்போர்ட்ல இருந்ததை நான் சொல்லிடட்டுமா?"

இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு சொல்லாகக் குழறிக் குழறி வந்தது.

"நீ சொல்லாத... மறைச்சது நான்... பேச்சு சரியாகட்டும்... நானே சொல்றேன்."