இரண்டு படங்களில் ஒரு படகு

மரைன் ஹில்லில் எங்கள் சர்வே ஆபீஸில் அவரைக் கண்ணாடிக்காரர் என்றுதான் கூப்பிடுவோம். விமானம் பறக்கப் பறக்க, சில விநாடி இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை இரட்டைக் கண்ணாடியின் கீழே சேர்த்து வைத்துப் பார்ப்பார். தட்டையாகக் கிடந்த காடு மலையாக எழும்பும். அதை அளந்து வரைபடத்தில் போடுவார். மெலிந்த ஆள். யார் எதிரே வந்தாலும் ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார், பிறகு மறு கண்ணை. எனக்கு எரிச்சலாக வரும்.

வடக்குத் தீவிலிருக்கும் திக்லிபூருக்கு எஞ்சின் டிங்கிப் படகில் கிளம்பிய என் அண்ணன் போய்ச் சேரவில்லை. அவன் கிளம்பிய அதே நாளில் விமானத்திலிருந்து அந்தக் கடலோரத்தை எடுத்த படங்கள் ஐந்து மாதம் கழித்து ஆபீஸுக்கு வந்தன. ஒன்றில் அண்ணனின் டிங்கி, அவன் அடித்த தகரக் கூரையோடு தெரிந்தது. அடுத்ததிலும் தெரிந்தது.

“ஓடிட்டிருக்கா சார்?” என்றேன். ஓடியிருந்தால் எங்காவது கரை ஏறியிருப்பான்.

இரண்டு படங்களையும் கண்ணாடியின் கீழே சேர்த்து வைத்துக் குனிந்தார்.

“ஓடற படகு இந்தக் கண்ணாடில கடலுக்கு மேல தொங்கும், இல்லன்னா உள்ள முழுகின மாதிரி தெரியும் தம்பி. இது தண்ணி மேலயே உக்காந்திருக்கு. எஞ்சின் பந்த், நின்னு போச்சு.”

“படகையெல்லாம் வரைய மாட்டீங்கல்ல?”

“அசையாததைப் போடணும்னுதான் ரூல்” என்றார். அன்றுதான் என்னை இரண்டு கண்ணாலும் பார்த்தார்.

அவர் வரைந்த தாளில் டிங்கி நின்ற இடத்தில் ஒரு பாறை இருந்தது. தப்பைக் கண்டுபிடித்து எழுதுவது என் வேலை. சரிபார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டேன். படகுகள் இன்றும் அதைச் சுற்றிக்கொண்டுதான் போகின்றன.