நாடி இல்லாமல் ஒரு சீசன்

காலண்டர் ஆர்டர் எடுக்கிறவனுக்கு ஆல்பம் இரண்டாவது. முதல் சரக்கு அவன் வாய்தான்.

எங்கள் ஆல்பத்தில் இருக்கிற முருகனும் லட்சுமியும் எல்லாக் கம்பெனி ஆல்பத்திலும் இருப்பார்கள். அதே படம், அதே அட்டை, அதே ராகு காலம். பிறகு கடைக்காரர் ஏன் நமக்கு ஆர்டர் தர வேண்டும்? நாம் பேசுகிறோம், அவர் கேட்கிறார், அவ்வளவுதான். இப்படி வாயை வைத்துப் பிழைக்கிற எனக்கு, சீசன் தொடங்குகிற ஆடி மாதத்தில் வாய்க்கு நேர் கீழே ஆபரேஷன் நடந்தது. உடம்பிலிருந்து ஏதோ ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டு, புண் ஆறும் முன்பே வேலைக்கு ஓடிய அன்பர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். மற்றவர்கள் சும்மா கேட்டுக்கொண்டிருங்கள்.

மோவாயை எங்கள் பக்கம் நாடி என்போம். எனக்குப் பிறவியிலேயே நாடி குறைவு. கீழ் உதடு முடிந்த கையோடு கழுத்து தொடங்கிவிடும். பெண் பார்க்கப் போன வீடுகளில் கேசரி வரும், காபி வரும், மறுநாள் வேண்டாம் என்று சேதியும் வரும். கடைசியில் மதுரையில் ஒரு டாக்டர் எலும்பின் மேல் சிலிக்கான் துண்டு ஒன்றை வைத்துத் தைத்தார். நாடி வந்தது. பின்னாலேயே பெண்ணும் வந்தாள். என் மனைவி செல்வியிடம் விஷயத்தைக் கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிட்டேன். பழைய மூஞ்சியை அவள் பார்த்ததில்லை, அதனால் அவளுக்கு அது பெரிதாகப் படவில்லை.

பல வருடம் கழித்து ஈறுக்குக் கீழே வீங்கிச் சீழ் வைத்தது. துண்டு இடம் நகர்ந்து எலும்பை அழுத்துகிறது, எடுத்தே ஆக வேண்டும் என்றார் டாக்டர். எடுத்தார். உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் உள்ளேயே தையல். வெளியே ஒரு கீறல்கூடக் கிடையாது. அனுப்பும்போது அவர் சொன்னது: கொஞ்ச நாளைக்கு உதடு மரத்திருக்கும், பேச்சு குழறும், எச்சில் நிற்காது, எல்லாம் மெல்ல மெல்லச் சரியாகும். "மூணு மாசத்துக்குக் கண்ணாடிய நம்பாதீங்க" என்றும் சொன்னார்.

எங்கள் முதலாளி பொறுமைசாலி. சீசன் அப்படி இல்லை. சிவகாசி அச்சாபீஸில் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, விருதுநகரிலிருந்து சாத்தூர், சிவகாசி வட்டாரம் வரை நான் பார்த்துவந்த லைனைப் பற்றிப் பேசினார். "இந்தத் தடவை செல்வத்தையும் கூட்டிட்டுப் போங்க. அவன் பேசட்டும், நீங்க ஆல்பத்தத் திருப்புங்க. விஸ்வநத்தத்துப் பெரிய ஆர்டர் முடியட்டும், லைன் யாருக்குன்னு அப்புறம் பாத்துக்கிடுவோம்."

செல்வம் என்னைவிட இளையவன். நாலு வருடமாகத் தனி லைன் கேட்டுக் காத்திருந்தவன். நல்ல பையன் வேறு. கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

போணி

எங்கள் ஊரில் புது ஆல்பம் ஆடிப் பதினெட்டுக்குத்தான் வெளியே வரும். பூஜை போட்டு, அன்றைக்கே ஒரு ராசியான கையிலிருந்து முதல் ஆர்டர் வாங்கிவிட வேண்டும். என் லைனில் அந்தக் கை விருதுநகர் பருப்பு மண்டி அண்ணாச்சியுடையது. பேச்சு குழறினாலும் போணியை விட்டுக்கொடுக்க மனம் வராமல், செல்வத்தை வண்டி ஓட்டச் சொல்லிப் பின்னால் உட்கார்ந்து போனேன்.

வீக்கம் ஏறாமல் இருக்க டாக்டர் ஒரு கட்டுப் போட்டுவிட்டிருந்தார். நாடிக்கு அடியில் தொடங்கிக் காதோரமாக ஏறி உச்சந்தலையில் முடிகிற வெள்ளைக் கட்டு. இராப்பகல் கழற்றக் கூடாது என்பது உத்தரவு. மதுரையில் அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் எங்கள் பக்கம் அந்த இடத்தில் அந்த மாதிரி வெள்ளைத் துணி கட்டுவது ஒரே ஒரு சமயத்தில்தான். உயிர் போன பிறகு, வாய் திறந்துகொள்ளாமல் இருப்பதற்கு. வீட்டிலும் அச்சாபீஸிலும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மண்டி வாசலில் நான் இறங்கியதும், மூடை சுமந்துகொண்டிருந்தவர்கள் மூடையோடு நின்றுவிட்டார்கள்.

அண்ணாச்சி கல்லாவில் சூடம் கொளுத்தப் போனவர், தீப்பெட்டியைக் கீழே வைத்தார். மேலும் கீழும் பார்த்தார். கட்டைக் கழற்றிப் பைக்குள் போடச் சொல்லி, அப்புறம்தான் சூடம் கொளுத்தினார், ஆர்டரும் தந்தார். தரும்போது சொன்னார்: "நாடியக் கட்டுனப்புறம் எந்திரிச்சு ஆர்டர் கேட்டு வந்த மொத ஆளு நீதான்யா."

அன்றிலிருந்து ஒவ்வொரு கடைப் படியிலும் கட்டைக் கழற்றுவேன், இறங்கியதும் மாட்டிக்கொள்வேன். அடுத்தவனுக்கு அபசகுனம் ஆகக் கூடாது, பாருங்கள். அதன் பலனாக வீக்கம் ஒரு பக்கமாகக் கோத்துக்கொண்டு, நாடி சாத்தூர் பக்கம் சாய்ந்துவிட்டது. நீங்கள் யாராவது கட்டுப் போட்டுக்கொண்டு போக நேர்ந்தால் தயவுசெய்து கழற்றாதீர்கள். பார்க்கிறவர்கள் பயந்துவிட்டுப் போகட்டும்.

சைகை

மரத்துப்போன உதடு என்றால் என்னவென்று சொல்கிறேன். டீ சூடா, ஆறிவிட்டதா என்று நாக்குச் சொன்னால்தான் தெரியும். உதட்டோரம் வழிந்து சட்டை நனைந்த பிறகு நெஞ்சு சொல்லும். எச்சிலும் அப்படித்தான். எதிரே இருப்பவர் முகம் மாறுவதை வைத்து நாம் யூகித்துக்கொள்ள வேண்டும். அதற்குச் செல்வமே ஒரு வழி கண்டுபிடித்தான். எனக்கு வழிகிறபோதெல்லாம் அவன் தன் நாடியைத் தடவுவான், நான் கைக்குட்டையை எடுப்பேன்.

சிவகாசியில் ஒரு நோட்டுப் புத்தகக் கடையில் டீ வாங்கிக் கொடுத்தார்கள். செல்வம் மாதக் காலண்டரையும் தினசரிக் காலண்டரையும் பற்றி வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தான். நடுநடுவே நாடியைத் தடவினான். நான் துடைத்தேன். மறுபடி தடவினான். மறுபடி துடைத்தேன். கடைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்: "ஏன் தம்பி, ஒங்களுக்கும் நாடியில கோளாறா? இது என்ன ஒட்டுவாரொட்டியா?"

காலையிலேயே

சாத்தூரில் ஒரு ரைஸ்மில். முதலாளி பெரியவர், கண்டிப்பானவர். குடித்துவிட்டு மில்லுக்கு வந்தவனை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார். வியாபாரம் பேசுமுன் தட்டில் சேவு வைப்பது அவர் வழக்கம். அதைத் தொடாவிட்டால் கோபம் வரும். எனக்கோ தையல் கரையும்வரை கஞ்சியும் மோரும்தான். ஒரு துண்டை வாயில் போட்டு ஊறவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் நேராக என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். வருடா வருடம் பேசின மனிதரிடம் ஊமை மாதிரி இருக்கலாமா? பதில் சொன்னேன். ஊறின சேவும் மரத்த உதடுமாக அந்தப் பதில் வெளியே வந்த லட்சணத்தைக் கேட்டு அவர் முகம் இறுகிவிட்டது.

எழுந்து அருகில் வந்து, "ஊதுங்க பாப்போம்" என்றார். ஊதினேன். ஊதுவதற்கும் உதடு குவியவில்லை, ஏதோ காற்று வந்தது. வாய் கொப்பளித்த மருந்துத் தண்ணீர் வாசம்தான் அடித்திருக்கும். செல்வம் நடந்ததையெல்லாம் எடுத்துச் சொன்னான். பெரியவருக்குச் சங்கடமாகிவிட்டது. சேவுத் தட்டைத் தானே நகர்த்தி வைத்தார், மோர் கொண்டுவரச் சொன்னார், போன வருட அளவே ஆர்டரும் தந்தார். ஆனால் எழுதச் சொன்னது செல்வத்திடம். கிளம்பும்போது என் தோளில் கைவைத்து வருத்தமாகத்தான் சொன்னார்: "குடிச்சிருந்தாலும் சாயங்காலம் தெளிஞ்சிரும். இது எப்பய்யா தெளியும்?"

எனக்கும் அதுதான் தெரியவில்லை. வண்டியில் திரும்பி வரும்போது பயமாக இருந்தது. ஆர்டர் போய்விடுமே என்றல்ல, ஆர்டரெல்லாம் வந்துகொண்டுதான் இருந்தது. நான் பேசாமலேயே வந்துகொண்டிருந்தது. அதுதான் பயம்.

யார் சாடை

வீக்கம் இருந்தவரை அதை எல்லோரும் நாடி என்றே நினைத்தார்கள். 'மூஞ்சி நல்லா களையா இருக்கு' என்றுகூட ஒரு தீப்பெட்டி ஆபீஸில் சொன்னார்கள். ஆவணி பிறந்து வீக்கம் வற்றியது. சிலிக்கானுக்காக இழுபட்டிருந்த தோல், உள்ளே ஒன்றுமில்லாமல் சுருங்கி, வாடின எலுமிச்சம்பழம் மாதிரி குழி குழியாக நின்றது. அதற்குக் கீழே எனக்கு நன்றாகப் பழக்கமான அந்தப் பழைய மூஞ்சி. டாக்டர் பேச்சை மீறிக் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

செல்வி என்ன நினைக்கிறாளோ என்பது எனக்குப் பெரிய கவலையாக இருந்தது. அவள் என் முகத்தை விளக்கு வெளிச்சத்தில் அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள். பிறகு பாடம் எழுதிக்கொண்டிருந்த எங்கள் மகளைப் பார்த்தாள். மகளுக்கும் நாடி சின்னது. அது எந்த வழியில் வந்தது என்று என் அக்கா, என் பழைய மூஞ்சியை மறந்தேபோனவள் மாதிரி, விசேஷ வீடுகளில் எல்லாம் கேட்பாள். கேட்டுவிட்டுச் செல்வியின் அண்ணன் தம்பிகளைப் பார்ப்பாள். செல்வி பரிதாபப்படப் போகிறாள் என்று நான் காத்திருந்தேன். அவளுக்கு வந்தது சிரிப்பு. அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டுச் சொன்னாள்: "ஒங்க அக்காளை நாளைக்கே வரச்சொல்லுங்க. வந்து யாரு சாடைன்னு நல்லாப் பாத்துட்டுப் போகட்டும்."

மறுநாள் இரண்டு இட்லி கூடவே சாப்பிட்டேன்.

விஸ்வநத்தம்

விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனி. வெளியூர் டீலர்கள் அத்தனை பேருக்கும் காலண்டர் அனுப்புவார்கள். என் லைனில் அதுதான் பெரிய ஆர்டர். அதை முடிவு செய்கிறவர் ஆபீஸைப் பார்த்துக்கொள்கிற சந்திரா மேடம். என் வயதுதான் இருக்கும். அவருக்கு இடது கன்னத்திலிருந்து உதடு, கழுத்துவரை தீக்காயத் தழும்பு. எப்போது பட்டது, எப்படிப் பட்டது என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. பேரம் பேசுவதில் ஈவு இரக்கம் பார்க்காதவர்.

செல்வம் தலை வாரி, புதுச் சட்டை போட்டு வந்திருந்தான். ஆல்பத்தைத் திறந்ததும் கணீரென்று தொடங்கினான். மேடம் கையைக் காட்டி நிறுத்தினார். "தம்பி, நீங்க நல்லாத்தான் பேசுதீக. ஆனா இவருகிட்டத்தான் நான் வழக்கமா வாங்குதேன். அவரு சொல்லட்டும்."

"நான் சொன்னா நேரமாகும் மேடம்" என்றேன். அதைச் சொல்லவே நேரமானது.

"ஆகட்டும்."

தொடங்கினேன். பட்டாசு, படம், பார்டர், மாதம் என்று எங்கள் தொழிலில் எல்லாச் சொல்லுக்கும் உதடு ஒட்ட வேண்டியிருக்கிறது. ஒவ்வொன்றாக ஒட்டி எடுத்தேன். இரண்டாவது பக்கத்திலேயே முருகன் வேல் மீது ஒரு சொட்டு எச்சில் விழுந்துவிட்டது. செல்வம் நாடியைத் தடவக்கூட மறந்து உட்கார்ந்திருந்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. கைக்குட்டையால் படத்தைத் துடைத்து, ஆல்பத்தை அவன் பக்கம் தள்ளி, மீதியை நீ சொல்லு என்று கண்ணால் காட்டினேன். மேடம் ஆல்பத்தின் மேல் கையை வைத்து, திரும்ப என் பக்கம் இழுத்து வைத்தார். முகத்தில் இரக்கமும் இல்லை, அவசரமும் இல்லை. தழும்பேறிய உதட்டை மெல்ல அசைத்துச் சொன்னார்:

"காயம் பட்டப்ப எனக்கும் ஒரு வருசம் இப்பிடித்தான் பேச்சு வந்துச்சு. அம்புட்டுப் பேரும் பாதியிலேயே புரிஞ்சு போச்சுன்னு தலையாட்டுனாக, ஒருத்தர்கூட முழுசாக் கேக்கல. நீங்க முழுசாச் சொல்லுங்க."

கடைசிப் பக்கம்வரை சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, வழக்கம்போல ரேட்டை அடித்துக் குறைத்தார், டெலிவரித் தேதியை முன்னால் தள்ளினார், ஆர்டரைத் தந்தார். ஒரு பைசா விட்டுத்தரவில்லை. வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று செல்வம் முதலாளிக்குப் போன் போட்டான். லைன் அவன் கைக்கு வர ஒரு வார்த்தை போதும். நான் வண்டிச் சாவியைத் தேடுகிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். அவன் சொன்னது காதில் விழுந்தது: "ஆர்டர் வந்துருச்சு முதலாளி. நான் ஒண்ணும் பேசல, அண்ணன்தான் பேசுனாக."

இப்போது உதட்டில் உணர்ச்சி முக்கால்வாசி திரும்பிவிட்டது, லைனும் என்னிடமே இருக்கிறது, புதுத் துண்டு வைத்துக்கொள்கிறீர்களா என்று கேட்ட டாக்டரிடம் சீசன் முடியட்டும் என்று சொல்லியிருக்கிறேன், எங்கள் தொழிலில் சீசன் முடிவதே இல்லை என்பது அந்த நல்ல மனிதருக்குத் தெரியாது.